மலையகச் சிறுநகரின் வாக்கைப் படிக்கும் முறை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற ஒரு சிறுநகரின் அரசியல் சாய்வை அறிய விரும்புவோர், தேர்தல் இரவில் அறிவிக்கப்படும் நுவரெலியா மாவட்ட முடிவை எடுத்து, எந்தச் சின்னம் முந்தியது என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குவதே வழக்கம். அப்படிப் பார்த்தால் ஊர் தெரியாது. நுவரெலியா–மஸ்கெலியா தேர்தல் தொகுதியில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் முடிவுகள் தொகுதி அளவிலேயே வெளியாவதால், ஒரு ஊரின் வாக்கு அந்தப் பெருந்தொகைக்குள் கரைந்துவிடும். ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது உள்ளூராட்சித் தேர்தலின் வட்டார முடிவுகளை. 2018 முதல் நடைமுறையில் உள்ள கலப்பு முறையில் உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்து தெரிவாகிறார்கள். வாக்குச் சீட்டில் இடும் ஒரே புள்ளடி வேட்பாளருக்கும் கட்சிக்கும் சேர்த்தே எண்ணப்படுகிறது.

அந்தத் தாள்களைத் திறக்கும் முன் எல்லையைச் சரிபார்க்க வேண்டும். அட்டனிலோ தலவாக்கலையிலோ சம்பள நாளில் கடைவீதியை நிறைப்பவர்களில் பெரும்பாலோர் அந்த நகர சபைக்கு வாக்களிப்பவர்கள் அல்லர். அவர்களுடைய லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பிரதேச சபை எல்லைக்குள் இருக்கின்றன. முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் 2018 தேர்தலுக்கு முன்னர் ஆறாகப் பிரிக்கப்பட்டதால், அதற்கு முந்திய முடிவுகளைப் பின்னையவற்றோடு நேரடியாக ஒப்பிடுவதும் தவறு. கடைவீதியில் தமிழ், முஸ்லிம், சிங்கள வணிகர்கள் கலந்து வாழ்கிறார்கள். வரியும் வாடகையும் வடிகானும் அவர்களுடைய கவலைகள். தோட்டத்துக்கோ சம்பளமும் காணியும் கூரையும். இவ்விரண்டையும் ஒரே சராசரிக்குள் அடக்குபவர் இரண்டையும் இழக்கிறார்.

அடுத்தது சின்னம். மலையகத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தது. ஒன்பது மாதங்களின் பின் 2020 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தை ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவின் தாமரை மொட்டு எடுத்தது. ஊர் மனம் மாறிவிட்டது என்று இதைப் படிக்கலாகாது. தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கமாகவும் கட்சியாகவும் இயங்கும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அம்முறை மொட்டில் போட்டியிட்டது. அதன் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மே மாதத்தில் காலமாகியிருந்தார். அவருடைய மகன் ஜீவன் தொண்டமானின் விருப்பு வாக்கு (கட்சிக்குள் வேட்பாளருக்குத் தனியே இடும் வாக்கு) ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 2024 இல் அதே காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில் நின்றது. ஆகையால் பாராளுமன்றத் தேர்தலைப் படிக்கும்போது கட்சி வாக்கைவிட விருப்பு வாக்குப் பட்டியலே பேசும்: மொட்டிலும் யானையிலும் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியிலும் விழுந்த வாக்குகளுக்குள் எந்தத் தொழிற்சங்கத்தின் ஆள் எவ்வளவு பெற்றார் என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

2024 இல் நடந்ததை மட்டும் இந்தக் கணக்கால் முழுமையாக விளக்க முடியாது. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாட்டில் வென்றும் இம்மாவட்டத்தில் மூன்றாம் இடத்தில் நின்ற அநுர குமார திசாநாயக்கவின் கட்சி, நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் எட்டில் ஐந்து ஆசனங்களைப் பெற்றது. ஆட்சிக்கு வந்த பக்கம் சாயும் வழக்கமும், நாடு முழுவதும் வாக்களிப்பு ஏறத்தாழ 79 வீதத்திலிருந்து 69 வீதமாகக் குறைந்ததும், எதிரணி வாக்குகள் சிதறியதும் இதில் பங்கு பெற்றன. ஆனாலும் சங்கத்தின் சொல்லைக் கேட்காத ஒரு தலைமுறை தோட்டத்திலிருந்து அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி இட்டது என்பதே என் கணிப்பு.

அந்தத் தலைமுறையைக் காண லயத்துக்குள் போக வேண்டும். அங்கே "எந்தக் கட்சி?" என்று கேட்டால் எவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். "நீங்க எந்தச் சங்கம்க்கா?" என்று கேட்டால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுவார்கள், சம்பளச் சீட்டில் மாதாமாதம் சந்தா கழிக்கப்படுவதால் அது மறைக்கும் விடயம் அல்ல. ஒரு வீட்டில் தாய் காங்கிரசுக்குச் சந்தா கொடுக்கிறார். மாமனார், சந்திரசேகரன் தொடங்கிய மலையக மக்கள் முன்னணியின் மண்வெட்டிச் சின்னத்துக்காரர். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகனுக்குச் சங்கமே இல்லை, ஆனால் வாக்கு இன்னும் தோட்டத்துப் பட்டியலில் இருக்கிறது. "சந்தா சங்கத்துக்கு, புள்ளடி எனக்குப் பிடிச்ச ஆளுக்கு" என்று அந்தத் தாயே சொல்வார். தேர்தலுக்கு முன் வந்து இறங்கும் கூரைத் தகரத்தை வைத்தும் முடிவு சொல்ல வேண்டாம். தகரத்தை எல்லோரிடமும் வாங்கிக்கொள்கிறார்கள்.

முதியவர்களிடம் பேசும்போது ஆண்டுக் கணக்கு நினைவில் இருக்கட்டும். 1947 இல், தொழிலாளர் காங்கிரசின் முன்னோடியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 குடியுரிமைச் சட்டத்தோடும் மறு ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தோடும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கு பறிபோனது. அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த யானைக் கட்சிக்கே பிற்காலத்தில் தோட்டங்கள் பெருமளவு வாக்களித்தன என்பது வெளியூராருக்கு விளங்காத முரண். தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 இல் அந்தக் கட்சியின் அமைச்சரவையில் சேர்ந்ததையும், 1988 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்ததையும் பக்கத்தில் வைத்தால் அது விளங்கும். ஐம்பது வயதில் முதல் முறையாக வாக்களித்தவர்கள் உள்ள வீடுகளில் "பரம்பரைக் கட்சி" என்று எதையும் தேடக் கூடாது.

கடைசியாக, தபால் வாக்குகளைத் தனியே வையுங்கள். அவை ஆசிரியர்கள் உள்ளிட்ட அரச ஊழியர்களுடையவை, தோட்டத் தொழிலாளருக்கு அந்த வசதி இல்லை. வாக்களிப்புக்கு முந்திய இரவில் கொழும்பிலிருந்து அட்டனுக்கு வரும் பஸ்களில் எவ்வளவு கூட்டம் என்று தரிப்பிடத்தில் நின்று பாருங்கள்: எந்த வயதினர் இறங்குகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டால், மறுநாள் வட்டார முடிவில் வரும் ஏற்ற இறக்கத்துக்குப் பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.