போர்க்கால ஜேர்மன் கைத்துப்பாக்கிகளை இனங்காண்பதும் பெறுமதி கணிப்பதும்

திருகோணமலையில் எங்கள் வீட்டு அலுமாரியில், கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்த தாத்தா விட்டுச்சென்ற தடித்த கறுப்புத் தோலுறை ஒன்று இருக்கிறது. அது கைத்துப்பாக்கி வைக்கும் உறை; அதன் பின்புறத்தில் ‘பி.38’ என்ற ஜேர்மன் துப்பாக்கி வகையின் முத்திரையும், மூன்று சிறிய எழுத்துகளும், 43 என்ற இலக்கமும் அழுந்தியிருக்கின்றன. உள்ளே துப்பாக்கி இல்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி இங்கு குண்டு போட்டவை ஜப்பானிய விமானங்களே தவிர, ஜேர்மன் படை இந்த மண்ணுக்கு வந்ததில்லை. ஆகவே ஐரோப்பியக் களத்திலிருந்து பின்னர் இத்துறைமுகத்துக்கு வந்த ஒரு பிரித்தானிய மாலுமியின் பெட்டியிலிருந்தே இந்த உறை தாத்தாவின் கைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த முத்திரைகளைப் படிக்க முயன்றதிலிருந்துதான் இத்துறையில் எனக்கு ஈடுபாடு பிறந்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பது குற்றம். நமது மாவட்டத்தில் கிணறு வெட்டும்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ அப்படி ஏதேனும் தென்பட்டால், அதைத் தொடாமல் 119 இலக்கத்துக்கு அழைத்துப் பொலிஸாருக்கு அறிவிப்பதே முறை. கீழே உள்ளவை, சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நாடுகளில் வாழும் உறவினர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல விரும்புவோருக்கானவை. படம் எடுக்கும் முன் மகசினைக் கழற்றினால் மட்டும் போதாது, குழலறையிலும் ரவை இல்லை என்று அனுமதி பெற்ற ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். லூகர் என்னும் ஜேர்மன் கைத்துப்பாக்கியில் ரவை உள்ளே இருந்தால் மேற்புறத்தில் சற்று உயரும் கொக்கியின் இடப்பக்கத்தில் ‘நிரம்பியுள்ளது’ என்று பொருள்படும் ‘கெலாடென்’ என்ற ஜேர்மன் சொல் தெரியும்.

அதிகம் எதிர்ப்படுபவை இரண்டு. ஒன்று, 1908 இல் தரைப்படை ஏற்றுக்கொண்ட, மேலே முழங்கை போல மடியும் பொறியுடைய பி.08 என்னும் லூகர். மற்றையது, அதற்குப் பதிலாக வந்த வால்டர் பி.38. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மனியின் ஆயுத உற்பத்தியைக் கட்டுப்படுத்திய வேர்சாய் உடன்படிக்கையின் தடைகளுக்கு மறைவாக ஆயுதம் செய்த காலத்திலேயே தொழிற்சாலையின் பெயருக்குப் பதில் குறியீடு இடும் வழக்கம் தொடங்கிவிட்டது. மவுசர் நிறுவனம் செய்த லூகரில் முதலில் ‘எஸ்/42’, பிறகு ‘42’, அதன்பின் ‘பி.வை.எவ்.’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஆண்டையும் முதலில் மறைத்தார்கள்: குழலறையின் மேல் ‘கே’ இருந்தால் 1934, ‘ஜி’ இருந்தால் 1935. அதன்பின் ஆண்டு வெளிப்படையாகவே வந்தது. பி.38 இல் ‘ஏ.சி.’ வால்டரையும், ‘பி.வை.எவ்.’ மவுசரையும், ‘சி.வை.கியூ.’ ஸ்பிரேவேர்க் நிறுவனத்தையும் குறிக்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. போருக்குப் பின்னர் மேற்கு ஜேர்மன் இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட பி.1 பார்வைக்கு அப்படியே பி.38 போல இருக்கும்; ஆனால் அதன் உடற்சட்டம் அலுமினியக் கலவை என்பதால் காந்தம் ஒட்டாது. அதேபோல ‘எஸ்.வி.டபிள்யூ.’ குறியுடன் ஐந்து முனை நட்சத்திரமும் இருந்தால், அது மவுசர் தொழிற்சாலை பிரெஞ்சுக்காரர் வசமான பின்னர் செய்யப்பட்டது.

பெறுமதியின் உயிர்நாடி உறுப்புகளிலுள்ள தொடரிலக்கங்களின் ஒற்றுமையே. லூகரின் குழலிலும் உடற்சட்டத்திலும் முழு இலக்கம் இருக்கும்; சின்னஞ்சிறு உறுப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். உதாரணமாக, 4371 என்ற துப்பாக்கியின் பக்கத் தகட்டில் 71 இல்லாமல் 08 இருந்தால், அந்த உறுப்பு வேறொன்றிலிருந்து வந்தது. இலக்கத்தின் கீழுள்ள சிறிய எழுத்தையும் விட்டுவிடக் கூடாது: 10,000 வரை எண்ணி முடித்ததும் எழுத்தொன்றைச் சேர்த்து மீண்டும் 1 இலிருந்து தொடங்கினார்கள். எழுத்து மாறினால் துப்பாக்கியே மாறிவிடும். மகசினின் அடியிலும் அதே இலக்கம் இருந்தால் பெறுமதி கணிசமாக உயரும்.

அடுத்தது மேற்பூச்சு. இதில்தான் என் மைத்துனர் ஏமாந்தார். அவர் அமெரிக்காவில் ஒரு லூகரை வாங்கி, கறை போகட்டும் என்று ஒரு கடையில் கொடுத்து மெருகேற்றி, புதிதாக நீலமேற்றி (இரும்பு துருப்பிடிக்காதிருக்க இடும் கருநீலப் பூச்சு) எடுத்தார். பளபளவென்று இருந்த அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது: கூராக இருக்க வேண்டிய விளிம்புகள் சவர்க்காரக்கட்டி போல வழுவழுத்திருந்தன, இராணுவம் சோதித்து ஏற்றதைக் காட்டும் முத்திரையான கழுகின் இறகுகள் தேய்ந்து ஒரு புள்ளியாகிவிட்டிருந்தன, துருக்குழிகளுக்குள்ளும் நீலம் இறங்கியிருந்தது. தேய்ந்த பழைய பூச்சு, அழகான புதிய பூச்சைவிட எப்போதும் மேலானது. சேகரிப்பவர் தேடுவது அழகையல்ல, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் நிலையை. போரின் இறுதி ஆண்டுகளில் அவசரமாகச் செய்தவற்றில், குறிப்பாக ஸ்பிரேவேர்க் பி.38 களில், கருவிச் சுவடுகள் முரடாகத் தெரியும். அது குறையன்று, வழுவழுப்பாக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

அரிதானவை எனப்படுபவற்றில்தான் போலிகள் மலிந்திருக்கின்றன. விமானப்படைக்காகக் கிறீக்ஹொவ் நிறுவனம் செய்த லூகர்கள், நாஸிக் கட்சித் தலைவர்களுக்குரிய குறியிட்ட வால்டர் பி.பி.கே. ஆகியவற்றுக்கு, நேரில் சோதித்த அறிஞரின் எழுத்துமூலக் கருத்தின்றி நான் ஒருபோதும் விலை சொல்ல மாட்டேன்.

விலையைக் கணிக்கும்போது விற்பவர்கள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, அதே குறியீடும் ஆண்டும் நிலையும் உடையவை ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகைகளை, குறைந்தது ஆறேழையாவது ஒப்பிடுங்கள். போரில் கைப்பற்றிய துப்பாக்கியைப் போர்வீரர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல அன்று மேலதிகாரி கொடுத்த அனுமதிக் கடிதத்தில் இதே தொடரிலக்கம் இருந்தால், அந்த ஒரு தாளே பெரும் மதிப்பைச் சேர்க்கும். வாய்வழிக் கதைக்கு நான் எதுவும் கூட்டுவதில்லை.

உறைக்கும் தனிப் பெறுமதி உண்டு. எங்கள் கடற்கரைக் காற்றில் தோல் பூஞ்சணம் பிடிக்கும் என்று அம்மா ஒருமுறை தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். தோல் கருத்து, முத்திரையின் பாதி மங்கிப்போனது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே போதும். துப்பாக்கியை உறைக்குள் இட்டுச் சேமிக்கவும் கூடாது. தோலிலுள்ள பதனிடும் அமிலமும் ஈரமும் இரும்பை அரித்துவிடும்.