டை போடும் முன்: அலுமினிய வார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் புதிதாக யூனிட் போட்டு அலுமினியப் பாகங்கள் செய்து கொடுக்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மண் அச்சில் ஊற்றுவதா, உலோக அச்சில் சும்மா ஊற்றும் கிராவிட்டி டையா, மெஷின் அழுத்தத்தோடு பாய்ச்சும் பிரஷர் டையா? கேள்வி சரிதான். ஆனால் பிரஷர் டைதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் பாதிப் பேர் கேட்கவே வருகிறார்கள். மூன்று இடத்தில் கோட்டேஷன் வாங்குங்கள், டிராயிங்கைச் சரிபாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பீஸ் விலையை மட்டும் பார்த்து டை போடுவது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

போன வருடம் ஒரு தம்பி மோட்டார் கவர் ஒன்றின் டிராயிங்கோடு வந்தார். "அண்ணா, மண்ணுல ஊத்துனா பீஸு 180 ரூபா ஆகுதுங்க. பிரஷர்ல 110தானுங்க. பீஸுக்கு 70 ரூபா மிச்சம்." மண்ணில் அச்சு பதிக்கிற மாதிரி, அதாவது பேட்டர்ன், அதன் செலவு 40,000. டைக்குக் கேட்டது 6 லட்சம். இந்த இரண்டையும் அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, மறுபடி 70 ரூபாய்க்கே போய்விட்டார்.

சரி, கணக்குப் போடுவோம். முதலீட்டு வித்தியாசம் 5,60,000. அதை 70-ஆல் வகுத்தால் 8,000. அதாவது 8,000 பீஸ் வரைக்கும் மண்ணில் ஊற்றுகிறவர்தான் இவரைவிட லாபத்தில் இருப்பார். "மாசம் ஆயிரம் எடுப்பாங்கண்ணா, எட்டே மாசம்" என்றார். ஆயிரம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பர்சேஸில் வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். கையில் இருந்த பர்சேஸ் ஆர்டரில் (பி.ஓ.) மாதம் 250 என்றுதான் இருந்தது. அந்தக் கணக்கில் 8,000-ஐத் தொட 32 மாதம். வட்டி தனி.

அந்த 8,000-மே தாராளமான கணக்கு. பிரஷர் மெஷினில் டையை ஏற்றி, சூடாக்கி, முதல் சில ஷாட்களில் விழும் பீஸ்களை எல்லாம் மறுபடி உருக்கப் போட்ட பிறகுதான் நல்ல பீஸ் வரும். 250 பீஸுக்காக எந்த ஜாப் ஒர்க்காரரும் இதைச் செய்ய மாட்டார். "ஆயிரமா ஓட்டிக்கோங்க" என்பார். நாலு மாதச் சரக்கு ஷெட்டில் கிடக்கும், கூடவே உங்கள் பணமும்.

அப்புறம் டிராயிங் ரிவிஷன் வரும். வராமல் இருக்காது. கஸ்டமர் ஒரு போல்ட் துளையை 3 மி.மீ. நகர்த்துவார். மரப் பேட்டர்ன் என்றால் சின்ன வேலை: ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். டை, எச்13 என்ற சூடு தாங்கும் ஸ்டீலில் வெட்டிக் கடினப்படுத்தியது. பாகத்தில் ஓரிடம் தடிக்க வேண்டுமானால் டையைக் கொஞ்சம் குடைந்தால் போதும். மெலிய வேண்டுமானாலோ துளை நகர்ந்தாலோ வெல்டிங்கில் நிரப்பி மறுபடி வெட்ட வேண்டும். வெல்டிங் போட்ட இடம்தான் முதலில் வெடிக்கும். ஒரே பொருளுக்கென்று முதலீட்டை இறுக்கிவிட்டால் பெரிய கைகளே திணறியிருக்கின்றன. 1913-ல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்து மாடல் டி காரை மலிவாக்கிய ஃபோர்டு, 1927-ல் மாடல் ஏ-வுக்கு மாறும்போது உற்பத்தியை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தது.

தம்பி டை போட்டார். அது இப்போது ஜாப் ஒர்க் கடையின் ரேக்கில், எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பை சுற்றிக் கிடக்கிறது. கவர் ரிவிஷன் 'பி'-க்குப் போய்விட்டது.

நான் சொல்வது இவ்வளவுதான். மண்ணில் தொடங்குங்கள். லாபம் குறைவாக வரட்டும். ஆறு மாத ஷெட்யூல் எழுத்தில் வந்து, அதன்படி சரக்கும் போன பிறகு டை பற்றிப் பேசுங்கள். அப்போதும் டூல் காஸ்ட்டை, அதாவது டைச் செலவை, கஸ்டமரிடம் கேளுங்கள். மொத்தமாகத் தராவிட்டால் முதல் இத்தனை ஆயிரம் பீஸுக்கு, விலையோடு சேர்த்து, என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால், அவர் சொன்ன ஆயிரத்தை அவரே நம்பவில்லை.

நடுவில் ஒன்று இருப்பதை மறப்பது

கிராவிட்டி டைக்கு ஆகும் செலவு பிரஷர் டையில் ஒரு பகுதிதான். கரண்டியால் ஊற்றலாம், பெரிய மெஷின் வேண்டாம். சில நூறிலிருந்து சில ஆயிரம் பீஸ் வரைக்கும் பல நேரம் விடை இதுதான்.

தோலுக்கு உள்ளே இருக்கும் காற்றை மறப்பது

பிரஷர் டையில் உலோகம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் உள்ளே பாய்கிறது. காற்றும் கூடவே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மேல்தோல்தான் கெட்டி. மெஷினிங்கில் அந்தத் தோலைச் சீவியதும் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும், லீக் டெஸ்டில் குமிழி வரும். தண்ணீரோ எண்ணெயோ அழுத்தத்தோடு நிற்க வேண்டிய பாகம் என்றால் இதை முதலிலேயே யோசியுங்கள். டிராயிங்கில் எல்எம்25 (ஒரு அலுமினியக் கலவை), டி6 ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கி வலுவேற்றுவது) என்று இருந்தால் சாதாரணப் பிரஷர் டை பக்கமே போக வேண்டாம். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும்.

பக்கத்து ஷெட்டைப் பார்த்து மெஷின் வாங்குவது

அவருடைய ஆர்டர் உங்களிடம் இல்லை.

சாம்பிளுக்கே டை போடுவது

பத்து பீஸ் சாம்பிள்தானே? அலுமினியக் கட்டையிலிருந்து விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினில் குடைந்து கொடுங்கள், அல்லது 3டி பிரிண்ட் பேட்டர்னை வைத்து மண்ணில் ஊற்றுங்கள். குடைந்த பீஸ் என்றால் அதைக் கஸ்டமரிடம் சொல்லிவிட வேண்டும். பொருத்திப் பார்க்க அது போதும். வலிமைச் சோதனைக்கு மட்டும் அதை அனுப்பாதீர்கள். கட்டையில் வெட்டியது தாங்கும் பாரத்தை வார்ப்பு தாங்காது, அந்த ரிப்போர்ட்டை வைத்து வாங்கிய அப்ரூவல் முதல் லாட்டிலேயே திரும்பி வரும்.