யோசனை தீர்ந்தது என்று தோன்றும் இடத்தைத் தாண்டியது

மென்பொருளில் பயனர் கண்ணில் படும் சிறு வாசகங்களை எழுதுவது என் வேலை. நல்ல யோசனை எடுத்த எடுப்பிலேயே வந்துவிடும், நேரம் ஆக ஆகச் சரக்கு தீர்ந்துவிடும் என்று நம்பியதால், முதலில் தோன்றிய நாலைந்து வரிகளோடு நிறுத்திவிடுவேன். மேலாளரும் 'புதிதாக ஒன்றுமில்லையே' என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிரையன் லூகாஸ், லோரன் நார்ட்கிரென் ஆகிய இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, யோசிக்க யோசிக்கப் படைப்பாற்றல் குறையும் என்று மக்கள் எதிர்பார்த்தாலும் உண்மையில் அது குறையாமல் நீடிக்கிறது அல்லது கூடுகிறது என்றும், அந்த எதிர்பார்ப்பு வலுவாக உள்ளவர்களே சீக்கிரம் கைவிடுகிறார்கள் என்றும் காட்டியது. அதைப் படித்தபின், தீர்ந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழேயும் அதே அளவு வரிகளை எழுதத் தொடங்கினேன்.

பணப் பரிவர்த்தனை தடைபடும்போது திரையில் காட்டும் செய்தியை அப்படி எழுதியபோது, கோட்டுக்கு மேலே 'பரிவர்த்தனை தோல்வி' என்பதன் சாயல்களே இருந்தன. 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை. மீண்டும் முயலலாம்' என்ற வரி கீழேதான் வந்தது. பயனரின் பதற்றம் பணத்தைப் பற்றியது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. (கீழே வருவதிலும் பெரும்பகுதி குப்பைதான்.)

'உன்னால் முடியும்' என்ற உரைகள் எனக்கு உதவியதில்லை. கோட்டுக்குக் கீழிருந்து தேர்வான வரிகளைக் கண்ணால் பார்த்தபோதுதான் நம்பிக்கை மாறியது. ஆகவே அந்தத் தாள்களைத் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். வழக்கமான சொற்களே போதுமான பொத்தான்களுக்கு மட்டும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை.