வேலூர் வரைபடத்தில் நிறம் இடம் மாறாமல் இருக்க

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் தாலுகா வாரியாக நிறம் தீட்டிய வரைபடம் போடுவது இன்று பத்து வரி வேலை. ஆனால் காட்பாடிக்குப் போக வேண்டிய நிறம் குடியாத்தத்தில் விழுந்தாலும் மென்பொருள் பெரும்பாலும் வாயைத் திறக்காது. படம் அழகாகவே வரும், அறிக்கையிலும் ஏறிவிடும். கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் இப்படிப் படம் போடுகிற மாணவர்கள் வேலூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பதிலேயே பாதி நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அந்த நேரம், எந்த எண் எந்த ஊரில் போய் உட்கார்ந்தது என்று பார்ப்பதற்குத்தான் போக வேண்டும்.

முதல் தவறு, நிறங்களைத் தனிப் பட்டியலாகக் கொடுப்பது. ஊர் எல்லைகளின் வடிவங்களை வைத்திருக்கும் எல்லைக் கோப்பில் தாலுகாக்கள் தமக்கென ஒரு வரிசையில் இருக்கும். உங்கள் எக்செல் தாளில் அகர வரிசையில் இருக்கும். ஆரில் படம் வரையும் அடிப்படைக் கட்டளையான பிளாட்டுக்கு நிறப் பட்டியலைக் கொடுத்தால், முதல் நிறம் முதல் வடிவத்துக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என்று போட்டுக்கொண்டே போகும். ஊர்ப் பெயரை அது பார்ப்பதே இல்லை. நிறங்கள் குறைவாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதற்கும் எச்சரிக்கை வராது. இதில், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் மெர்ஜ் கட்டளை இன்னொரு குழப்பம் செய்யும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, இணைத்த அட்டவணையை இணைப்புப் பெயரின் வரிசைப்படி அடுக்கிவிடும். இணைப்பதற்கு முன் நிறங்களைக் கணக்கிட்டு வைத்திருந்தால் எல்லாம் இடம் மாறிப் போயிருக்கும்.

ஆரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கட்டளைப் பொதியைத் தொகுப்பு என்பார்கள். பழைய மேப்ஸ் தொகுப்பில் இது இன்னும் மோசம். அதிலுள்ள, அலாஸ்காவும் ஹவாயும் இல்லாத அமெரிக்க மாநிலப் படத்தில் தலைநகர்ப் பகுதியையும் சேர்த்து 49 பெயர்கள்தான், ஆனால் வடிவத் துண்டுகள் 63. மிச்சிகன் இரண்டு துண்டு, நியூயார்க்கில் தீவுகள் தனித்தனி. 49 நிறம் கொடுத்தால், முதல் பலதுண்டு மாநிலத்தைத் தாண்டியதும் மற்றதெல்லாம் நகர்ந்துவிடும்.

தீர்வு எளிது. எண்ணை வரைபட அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட வேண்டும். வரைபடத் தரவைக் கையாளும் எஸ்எஃப் தொகுப்பில் எல்லைக் கோப்பைப் படித்து, முதல் அட்டவணையின் வரிகளை அப்படியே வைத்து இரண்டாவதை அதோடு ஒட்டும் லெஃப்ட் ஜாயின் செய்து, படம் வரையும் ஜிஜிபிளாட்டில் நிறத்துக்கு அந்த நெடுவரிசையின் பெயரைக் கொடுங்கள். லெஃப்ட் ஜாயினில் வரைபட அட்டவணை முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் கிடைப்பது வெறும் அட்டவணை, அது வரைபடமாக நடந்துகொள்ளாது. அப்புறம் ஒரு சோதனை: கே.வி.குப்பம் ஒன்றுக்கு மட்டும் 1, மற்றவற்றுக்கு 0 என்று வைத்துப் படம் போடுங்கள். நிறம் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் விழுந்தால் சரி. வேறு எங்காவது விழுந்தால் மேலே போகாதீர்கள்.

பெயரை நம்பி இணைப்பதிலும் பள்ளங்கள் உண்டு. வாலாஜா, வாலாஜாபேட்டை, குடியாத்தம், ஆணைக்கட்டு, இவற்றில் எதையும் எல்லாத் துறைகளும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பெயர் பொருந்தாத தாலுகா சாம்பல் நிறத்தில் வரும். பார்ப்பவர் அங்கே தரவே எடுக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு சிக்கல், மாநிலம் முழுவதற்குமான தாலுகாப் படம் போடும்போது வரும்: திருப்பத்தூர் இங்கேயும் இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கிறது. தாலுகாப் பெயரை மட்டும் வைத்து இணைத்தால் ஒன்றின் எண் மற்றொன்றிலும் ஏறிவிடும்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சோளிங்கர் என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆருக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஜோலார்பேட்டைக்கும் இதே கதை. ஸ்ட்ரிங்கி தொகுப்பிலுள்ள, இப்படிப்பட்ட எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி மாற்றத்தை இரண்டு பக்கப் பெயர்களுக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு இணையுங்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் அப்போதே வெட்டிவிடலாம்.

குறியீட்டு எண் இருந்தால் பெயரைவிட அதுவே மேல். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாலுகாக் குறியீடு ஐந்து இலக்கம், நம் பக்கத்துத் தாலுகாக்களுக்கு அது 0 என்ற இலக்கத்தில் தொடங்கும். எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே அந்த 0 பறந்துவிடும். அதை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். எப்படி இணைத்தாலும் கடைசியில், பொருந்தாத வரிகளை மட்டும் காட்டும் ஆன்டி ஜாயினை இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் மிச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது.

இதுவரை சொன்னவை கண்ணில் படக்கூடிய தவறுகள். பெயரும் குறியீடும் கச்சிதமாகப் பொருந்திய பிறகும் படம் பொய் சொல்லலாம், நம் மாவட்டத்துக்கு அந்த ஆபத்து மிக அதிகம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது பழைய வட ஆற்காட்டின் வடபகுதி அதற்குப் போனது. 1989இல் மிச்சம் இருந்தது இரண்டாகி, திருவண்ணாமலை சம்புவராயர், வட ஆற்காடு அம்பேத்கர் என்று ஆனது. 1990களில் பின்னதற்கு வேலூர் என்று பெயர் வந்தது. 2019 நவம்பரில் அந்த வேலூரும் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின.

2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் என்றால் 39,36,331 பேர். இன்றைய எல்லைப்படி அதே கணக்கெடுப்பைப் பிரித்தால் வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. பழைய எண்ணைப் புதிய எல்லைக் கோப்போடு இணைத்தால் என்ன ஆகும்? வேலூர் என்ற பெயர் இரண்டிலும் இருக்கிறது, கச்சிதமாகப் பொருந்தும். சின்ன வேலூருக்குள் மூன்று மாவட்ட மக்களும் ஏறி நிற்பார்கள். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சாம்பலாகும். கூடவே 1981 எண்ணையும் வைத்துக் காலவாரியாக ஒப்பிட்டால் இன்னும் தப்பு, ஏனென்றால் அது திருவண்ணாமலையையும் சேர்த்த வட ஆற்காடு.

வழி இரண்டு உண்டு. ஒன்று, இன்றைய எல்லைகளைக் கலைத்துப் பழைய மாவட்டமாக்குவது. எஸ்எஃப் தொகுப்பில், குழுவாக்கும் குரூப் பை, குழுவை ஒன்றாகச் சுருக்கும் சம்மரைஸ் இரண்டையும் போட்டால் மூன்று வடிவங்களும் ஒன்றாகிவிடும். மற்றொன்று, கிராமவாரி எண்களை எடுத்து இன்றைய தாலுகாக்களுக்குக் கூட்டுவது. இதில் உழைப்பு அதிகம், ஆனால் இன்றைய ஆம்பூரையோ பேர்ணாம்பட்டையோ தனியாகக் காட்ட வேண்டுமென்றால் இதுதான் வழி. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூருக்கு எட்டே தாலுகாக்கள்தான்.

தலை எண்ணிக்கையை அப்படியே நிறமாக்குவதும் தவறு. பெரிய பரப்பு கண்ணை இழுக்கும், கூட்டமான இடத்தில் எந்த எண்ணும் பெரிதாகத்தான் இருக்கும். ஆயிரம் பேருக்கு எத்தனை, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று மாற்றிய பிறகே நிறம். அப்போதும் ஆணைக்கட்டு போன்ற தாலுகாவில் பீஞ்சமந்தை மலைக் கிராமங்களும் அடிவாரத்து ஊர்களும் ஒரே நிறமாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஜவ்வாது மலையில் மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டத் தாலுகாச் சராசரி போதாது. அதற்கு ஊராட்சி அளவுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

நிற அளவுகோலை மென்பொருள் தானாகவே தரவின் சிறிய எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணில் முடிக்கும். அளவில் சற்றே வித்தியாசப்படும் மூன்று மாவட்டங்கள்கூட ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் தெரியும். எல்லையை நீங்களே கொடுங்கள். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் இரண்டு படத்துக்கும் ஒரே அளவுகோல் கட்டாயம். சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிருங்கள், அதைப் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஊதாவிலிருந்து மஞ்சள் வரை போகும் விரிடிஸ் நிறவரிசை கறுப்பு வெள்ளை நகலிலும் தாங்கும்.

கடைசியாக எழுத்துரு. வழக்கமான பிடிஎஃப் சேமிப்பில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கொம்பு இடம் மாறியோ வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, ராக் (ragg) தொகுப்பின் வழியாகப் பிஎன்ஜியாகச் சேமித்தால் பேர்ணாம்பட்டு பேர்ணாம்பட்டாகவே வரும். படத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்: எண் எந்த ஆண்டுடையது, எல்லை எந்த ஆண்டுடையது.