‘கட்டு’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் எத்தனை? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

மாடு கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ‘டை’ போட்டால் மாடு மட்டும்தான் தப்பும்.

1. கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்

கயிறோ நாரோ இல்லாத இடத்தில் ‘டை’ அநேகமாக வராது. வேட்டிக்கு ‘வேர்’, ஃபீஸுக்கு ‘பே’, வீட்டுக்கும் கல்லணைக்கும் ‘பில்ட்’, கதை கட்டினால் ‘மேக் அப்’. பூவை ஊசியில் கோர்த்தால் ‘ஸ்ட்ரிங்’. நாரில் கட்டினால் ‘மேக் எ கார்லண்ட்’ என்பதே சிக்கலில்லாதது.

2. எப்படிக் கட்டியிருக்கிறது?

முடிச்சுப் போட்டால் ‘டை’. பலவற்றைச் சேர்த்துச் சுற்றி இறுக்கினால் ‘பைண்ட்’: நெற்கட்டு, கரும்புக்கட்டு எல்லாம் இதில் அடங்கும். இதன் இறந்தகாலம் ‘பவுண்ட்’. ‘பைண்டட்’ என்று ஒன்று கிடையாது. மாடு மேய இடம் விட்டு முளைக்குச்சியில் கட்டினால் ‘டெதர்’. நாகப்பட்டினத்துப் படகைக் கரையில் கட்டினால் ‘மூர்’. பட்டன், பெல்ட், கொக்கி என எதை மாட்டினாலும் ‘ஃபாஸன்’. இதில் ‘டி’ எழுத்தில் உண்டு, வாயில் இல்லை. ‘நாட்’ என்ற முடிச்சில் முதலெழுத்தான ‘கே’யும் அப்படித்தான்.

3. எதில் கட்டினோம், எதனால் கட்டினோம்?

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘மாட்டை மரத்தில் கட்டு’, ‘மாட்டைக் கயிற்றில் கட்டு’ என இரண்டுக்கும் நாம் ‘இல்’ போடுகிறோம். அதை அப்படியே ‘இன்’ ஆக்கினால் மாடு மரத்துக்குள் போய்விடும். கட்டும் இடத்துக்கு ‘டு’, கட்டும் பொருளுக்கு ‘வித்’. கொடிக்காலில் வெற்றிலைக்கொடியை அகத்தியில் நாரால் கட்டுவதைச் சொல்லிப் பாருங்கள்: ‘டை தி வைன் டு தி ட்ரீ வித் ஃபைபர்’. இதே அச்சில் வாழையையும் முட்டுக்கழியையும் வைத்துப் பத்து வாக்கியம் எழுதினால் கை பழகிவிடும்.

4. டைடா, டைட்டா?

கட்டப்பட்டது ‘டைடு’, இறுக்கமானது ‘டைட்டு’. முன்னதில் உயிர் சற்று நீண்டு, முடிவு ‘வீடு’ என்பதன் ‘டு’ போல மென்மையாக வரும். பின்னதில் உயிர் குறுகி, ‘பட்டு’ போல வல்லென்று முடியும். கடைசி உகரத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

இதைக் குழப்பினால் மரபுத்தொடரும் சேர்ந்து குழம்பும். ‘கை டைட்டா இருக்கு’ என்றால் நம்மூரில் காசில்லை. ஆங்கிலத்தில் ‘மனி இஸ் டைட்’. ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு’ என்றால், விதிமுறை தடுக்கிறது, என்னால் எதுவும் செய்ய முடியாது என்று பொருள். பெரியவர் முன் கைகட்டி நிற்பது இரண்டுமில்லை, அது ‘ஆர்ம்ஸ் ஃபோல்டட்’. அதிலும் அங்கே பணிவு தொனிக்காது.

5. மரபுத்தொடர்கள்

‘அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்’: முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளம் வரை மேய்ந்துவிட்டது, இனி எட்டாது. பொறுமை தீர்ந்த நிலைக்கு இதைச் சொல்வார்கள். டெல்டாக்காரருக்கு விளக்கவே வேண்டாம்.

‘டை தி நாட்’ என்றால் கல்யாணம் செய்துகொள்வது. தாலிக்கு மூன்று முடிச்சாயிற்றே என்று ‘த்ரீ நாட்ஸ்’ ஆக்காதீர்கள். அது கப்பலின் வேகம், மணிக்கு ஏறத்தாழ 5.6 கி.மீ. முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணியதால் வந்த பெயர். இன்று ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

அகராதி என்றால் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் இணையப் பதிப்பே போதும். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ‘டு’வும் ‘வித்’தும் கண்ணில் படும், உச்சரிப்பையும் கேட்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தரும் தமிழ்-ஆங்கிலச் செயலிகள் இந்த வேலைக்கு உதவாது.

பிற்சேர்க்கை: ‘டை’யோடு ‘இங்’ சேரும்போது என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். கடைசி ஐ, ஈ இரண்டு எழுத்தும் போய் ஒய் வரும். சாவதைக் குறிக்கும் ‘டை’க்கும் இதே விதி. தலைக்கு அடிக்கும் ‘டை’யில் மட்டும் ஒய்க்குப் பின்னுள்ள ஈ போகாது. அதை விட்டுவிட்டால், முடிக்குச் சாயம் போடுகிறவர் செத்துக்கொண்டிருப்பார்.