புதிதாகக் கார் ஓட்டுகிறீர்களா? வண்டி நகரும் முன்பே கவனத்தைக் காத்துக்கொள்ளுங்கள்

பத்து வருடம் ஓட்டியவருக்குக் கிளட்சும் கியரும் தானாகப் போகும். எல் போர்டைக் கழற்றி இரண்டு மூன்று மாதமே ஆனவருக்கு அப்படி இல்லை. எந்தக் கியரில் இருக்கிறோம், இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது, பின்னால் வரும் பஸ் எதற்கு ஹாரன் அடிக்கிறது என்று ஒவ்வொன்றையும் யோசித்தே செய்ய வேண்டியிருக்கிறது. வேறு எதையும் யோசிக்க மனதில் இடமே இருக்காது. அந்த நேரத்தில் 'போனைப் பார்க்க மாட்டேன்' என்ற மன உறுதியை நம்புவதைவிட, பார்க்கத் தூண்டுகிற எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. ஒரு மெசேஜைப் படிக்க ஐந்து நொடி என்றால், 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். குறுக்கே பாயும் நாய்க்கும், சட்டென்று ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோவுக்கும், பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும் அந்தத் தூரம் தாராளம்.

கிளம்பும் முன்

முதலில் சீட், பிறகு மூன்று கண்ணாடிகள், அதன் பின் சீட் பெல்ட். ஏ.சி.யை இப்போதே 24 டிகிரியில் வையுங்கள். டச் ஸ்க்ரீனில் ஏ.சி. மாற்றும் கார்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் திருகு போல அதைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டையும் இப்போதே தேர்ந்தெடுங்கள்.

மேப்பில் போகுமிடத்தைப் போட்டு, வழி முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குரல் வழிகாட்டியை ஆன் செய்து, போனை ஹோல்டரில் மாட்டுங்கள். ஏ.சி. வென்ட் பக்கத்தில், ஸ்டீயரிங்குக்கு இடப்புறம், சாலையை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். ஏர்பேக் மூடிமேல் எதையும் ஒட்டக் கூடாது. மேப் தேவையில்லாத பயணம் என்றால் போன் கைக்கு எட்டாமல் பின் சீட்டுப் பையில் கிடக்கட்டும். ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கிவைக்கும் டிரைவிங் மோடு பெரும்பாலான போன்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். 'எங்க வந்துட்டே?' என்று கேட்கப்போகிறவர்களிடம் கிளம்பும்போதே நேரத்தைச் சொல்லிவிட்டால் பாதி அழைப்புகள் வராது.

காலடியைப் பாருங்கள். உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் இறங்காது. கழற்றிப் போட்ட செருப்பும், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட மிதியடியும் அதே வேலையைச் செய்யும். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையைக் கண்ணாடியில் ஊசலாட விடாதீர்கள். அது ஆடும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும்.

ஒருநாள் வண்டியை நிறுத்தி வைத்து, கண்ணைச் சாலைப் பக்கமே வைத்துக்கொண்டு வைப்பர், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு எல்லாவற்றையும் கையால் தேடிப் போட்டுப் பழகுங்கள். மழை கொட்டத் தொடங்கிய பிறகு வைப்பர் எங்கே என்று குனிந்து தேடுவதுதான் ஆபத்து.

ஓடிக்கொண்டிருக்கும்போது

போன் கீழே விழுந்தால் விட்டுவிடுங்கள். குனியும்போது தோளோடு சேர்ந்து ஸ்டீயரிங்கும் திரும்பிவிடும். திருப்பத்தைத் தவறவிட்டால் நேராகப் போங்கள், மேப் வேறு வழி சொல்லும். நடுரோட்டில் பிரேக் போடுவதும் ரிவர்ஸ் எடுப்பதும் வேண்டாம். காருக்குள் குளவி வந்தால் கையை வீசாமல், இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்து விடுங்கள். நாற்கர சாலையில் போன் பேச வேண்டியிருந்தால் ஓரத்தில் நிற்காமல் அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள்.

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் போனை எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த முப்பது நொடியில் உங்கள் முன் பம்பரின் இடது ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றிருக்கும். பின்னால் ஹாரன் அடித்ததும் தலையை நிமிர்த்திக் கிளட்சை விட்டால் நேராக அதன்மேல்தான் போவீர்கள். சிக்னலில் நிற்கும் நேரம் கண்ணாடிகளைப் பார்க்கும் நேரம்.

'புளூடூத்தில்தானே பேசுகிறேன்' என்பதும் புதியவருக்கு உதவாது. கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கும். கண் எதிரே இருப்பது மனதில் பதியாது. குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று 2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. முதல் ஆறு மாதம் அழைப்பே வேண்டாம் என்பது எங்கள் கறாரான கருத்து.

உடன் வருபவர்களும் கவனத்தைக் கலைப்பார்கள். அப்பா ஒரு பக்கம் 'பிரேக் போடு' என்பார், மாமா 'லெஃப்ட்ல எடு' என்பார். வழி சொல்ல ஒருவர் மட்டும் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. குழந்தைகள் பின் சீட்டில், சைல்டு லாக் போட்டு. அழுதால் திரும்பிப் பார்க்காமல் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கையில் போன் வைத்து ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்த விதிகள் இடம் தருகின்றன.