காரை வாங்கும் முன் ஆசானைத் தேடுங்கள்: ஸ்டாக் கார் பந்தயத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் சிற்றூர்களில் கோடைக்காலச் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் ஸ்டாக் கார் (சாலைக் கார்களின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்) பந்தயங்களில் பொழுதுபோக்காக இறங்க விரும்புபவர்களில் பலர், முதலில் ஒரு காரை வாங்கிவிட்டு, பிறகுதான் அதைப் பற்றிச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்குக் காரை விற்றவர் நல்லவராகத்தான் பேசினார். ஆனால் அந்தக் காரின் அடிச்சட்டம் ஏற்கெனவே ஒரு மோதலில் வளைந்து, வெல்டிங் வைத்து நிமிர்த்தப்பட்டது என்பதும், அதிலிருந்த கார்புரேட்டர் எங்கள் தடத்தின் விதிப்படி செல்லாது என்பதும் முதல் நாள் தொழில்நுட்பச் சோதனையில்தான் தெரிந்தன. விவரம் அறிந்த ஒருவர் அந்தக் காரைப் பத்து நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் எனக்கு ஒரு பருவமும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும்.

இங்கே தடம் என்று சொல்வது பெரும்பாலும் கால் மைல் முதல் அரை மைல் வரை நீளமுள்ள நீள்வட்டம். தார்த் தளமாகவோ களிமண் தளமாகவோ இருக்கும். எல்லா வளைவுகளும் இடப்பக்கம்தான். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில், அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றி ஓடும் போமன் கிரே அரங்கின் கால் மைல் தடத்தில் 1949 முதல் நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பு) பந்தயங்கள் நடந்துவருகின்றன. வெர்மான்ட் மாநிலத்தின் பாரி ஊரில் 1960-இல் தொடங்கிய தண்டர் ரோடு தடம் வியாழக்கிழமைப் பந்தயங்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்க் கருங்கல் தொழிலாளர்களுக்கு அன்றுதான் சம்பளநாள் என்பதே அதற்குக் காரணம். இத்தகைய தடங்களில் ஓட்டுபவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இந்த வித்தை பெரும்பாலும் பாடத்திட்டத்தால் அல்ல, கைமாற்றாகவே வந்துசேர்கிறது. தந்தையோ மாமனோ இதில் இருந்தால் தானாகவே வரும், இல்லாதவர் ஓர் ஆசானைத் தேடித்தான் ஆகவேண்டும்.

தேடுவதற்குப் பார்வையாளர் மேடைச் சீட்டு உதவாது. கார்களைத் தயார்செய்யும் இடமான பிட் பகுதிக்கான அனுமதிச் சீட்டை வாங்கி, பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு உள்ளே போங்கள். முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு யாரிடமும் எதையும் கேட்காமல், நீங்கள் ஓட்ட நினைக்கும் பிரிவைச் சேர்ந்தவர்களை மட்டும் கவனியுங்கள். புதியவர்களுக்குப் பொதுவாக நான்கு சிலிண்டர் மினி ஸ்டாக், அல்லது பழைய சாலைக் கார்களிலிருந்து உருவான ஸ்ட்ரீட் ஸ்டாக், ஹாபி ஸ்டாக் பிரிவுகள் ஏற்றவை. பெயர்களும் விதிகளும் தடத்துக்குத் தடம் மாறுவதால், ஒரு தடத்தின் ஸ்ட்ரீட் ஸ்டாக் பக்கத்துத் தடத்தில் சோதனையைத் தாண்டாமல் போகலாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோப்பைகளை அள்ளுபவரைத் தேடிப் போகாதீர்கள். அவருக்கு நேரம் இருக்காது, மேலும் இயல்பாகவே வேகம் கைவந்தவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஐந்தாவதாகவோ எட்டாவதாகவோ வந்தாலும், காரை நசுங்காமல் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புபவரைப் பாருங்கள். அவர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசங்கிய குறிப்பேடு ஒன்றை எடுத்து எழுதினால் இன்னும் நல்லது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பழக்கம் விடாமல் பிட் பகுதிக்கு வந்துபோகும் பெரியவர்களும் அருமையான ஆசான்களாக அமைவார்கள். யார் பொறுமையாகச் சொல்லித்தருவார் என்று தடத்தின் தொழில்நுட்பச் சோதனையாளரிடம் கேட்டாலும் நேர்மையான பதில் கிடைக்கும், ஏனெனில் யாருடைய கார் ஒழுங்காக வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அறிமுகமான முதல் நாளே தன் பழைய காரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பவரிடமிருந்து மட்டும் விலகி நில்லுங்கள்.

அணுகும் நேரமும் முக்கியம். இறுதிப் பந்தயத்துக்கு அரைமணி நேரம் இருக்கையில், கழற்றிய சக்கரத்தோடு போராடிக்கொண்டிருப்பவரிடம் போய் அறிமுகப்படுத்திக்கொண்டால் முகம்கொடுத்துப் பேசமாட்டார். பந்தயம் முடிந்து, சாமான்களை ஏற்றும் வேளையில் போங்கள். அப்போதும் ‘எனக்குச் சொல்லித்தருவீர்களா’ என்று கேட்பதைவிட, ‘வார நாட்களில் உங்கள் கொட்டகையில் வேலைக்கு ஆள் வேண்டுமா’ என்று கேட்பதற்குத்தான் மதிப்பு. களிமண் தடம் என்றால் காரின் அடியில் அப்பிய சேற்றைச் சுரண்டிக் கழுவுவது உங்கள் முதல் வேலையாக இருக்கும். அதைச் சலிப்பில்லாமல் செய்யுங்கள், ஏனெனில் காரின் அடிப்பகுதியை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எவருக்கும் கிடைப்பதில்லை. வெல்டிங்கில் விட்ட விரிசலைச் சேறு சுரண்டுபவர்தான் முதலில் காண்பார்.

ஆசானிடம் முதலில் கற்கவேண்டியது வேகம் அல்ல, பாதுகாப்பு. ஹெல்மெட்டின் உட்புறத்தில் ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பார்க்கவும், இருக்கைப் பட்டைகளில் தைக்கப்பட்ட எஸ்எஃப்ஐ என்ற பாதுகாப்புத் தரச் சீட்டின் தேதியைப் படிக்கவும் அவர் உங்களைப் பழக்கவேண்டும். அந்தப் பட்டைகளுக்குப் பொதுவாக 2 ஆண்டுதான் ஆயுள், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹான்ஸ் சாதனத்தை உங்கள் தடத்தின் விதி வற்புறுத்தாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்இயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹபர்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டௌனிங்கும் 1980-களிலேயே அதை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் 2001 பிப்ரவரியில் டேட்டோனா தடத்தில் நாஸ்காரின் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த பிறகே, அதே ஆண்டில், நாஸ்கார் தன் மேல்மட்டத் தொடர்களில் இத்தகைய சாதனத்தைக் கட்டாயமாக்கியது. கார் கொட்டகையில் நிற்கும்போதே, கண்களை மூடிக்கொண்டு பட்டையைக் கழற்றி, ஸ்டீயரிங்கை எடுத்து, ஜன்னல் வலையை இறக்கி வெளியேறும் பயிற்சியை, கைகள் தாமாகவே செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஆசான் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது காரைப் படிப்பது. என் ஆசான் எனக்குக் கொடுத்த முதல் கருவி அளவுநாடா. பின்சக்கர டயர்கள் இரண்டின் சுற்றளவையும் நடுக்கோட்டில் நாடாவைச் சுற்றி அளந்து, சாக்பீஸால் டயரின் பக்கவாட்டிலேயே எழுதச் சொன்னார். வலப்பக்க டயர் பெரிதாகவும் இடப்பக்க டயர் சிறிதாகவும் இருந்தால், மேசைமேல் உருட்டிவிட்ட காகிதக் கோப்பையைப் போல அச்சு தானாகவே இடப்பக்கம் வளைந்து ஓடப்பார்க்கும். இந்த வேறுபாட்டைத்தான் ஸ்டாகர் என்கிறார்கள். பயாஸ் வகை (உள்ளிழைகள் குறுக்காகப் பின்னப்பட்ட) டயர்களில் காற்றழுத்தம் கூடினால் சுற்றளவும் கூடும் என்பதால், ஓட்டத்துக்கு முன் அளந்த கணக்கு, டயர் சூடேறிய பின் மாறியிருக்கும். ஆகவே தடத்திலிருந்து இறங்கியவுடன் மறுபடியும் அளக்கவேண்டும். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் வெப்பத்தைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்: நடுப்பகுதி மட்டும் அதிகம் சுட்டால் காற்று கூடுதல், இரு விளிம்புகளும் சுட்டால் காற்று குறைவு. நான்கு சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்து, முன்வலச் சக்கரமும் பின்இடச் சக்கரமும் சேர்ந்து மொத்த எடையில் எத்தனை விழுக்காடு தாங்குகின்றன என்று கணக்கிடுவது அதற்கடுத்த பாடம். அந்த விழுக்காடு கூடினால் கார் பொதுவாக டைட் ஆகும், அதாவது முன்பக்கம் திரும்ப மறுக்கும். குறைந்தால் லூஸ் ஆகும், அதாவது பின்பக்கம் வழுக்கிச் சுழலப் பார்க்கும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று எவராலும் சொல்லமுடியாது.

இவையெல்லாம் ஓரளவு படித்தும் தெரிந்துகொள்ளக்கூடியவைதான். ஆசான் இல்லாமல் கிடைக்கவே கிடைக்காத அறிவு ஒன்று உண்டு: பிழை காரிலா, ஓட்டுபவரிடமா என்பது. என் இரண்டாவது பயிற்சி நாளில் கார் மிகவும் டைட் என்றும், வளைவின் நடுவில் திரும்பவே மாட்டேன் என்கிறது என்றும் புலம்பினேன். அவர் எதையும் தொடவில்லை. மூன்றாம் வளைவின் வேலியோரம் போய் நின்றுகொண்டு, இன்னும் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னார். திரும்பி வந்ததும், ‘ஆக்சிலரேட்டரிலிருந்து எங்கே காலை எடுத்தாய்?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ‘சுவரில் இருக்கும் விளம்பரப் பலகையைத் தாண்டிய பிறகு எடுக்கிறாய். அதற்கு முன்பே எடு. காரை நான் அப்புறம் பார்க்கிறேன்’ என்றார். அடுத்த ஓட்டத்தில் கார் திரும்பியது, நேரமும் குறைந்தது. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்து, காரைக் குறை சொல்லி, சரியாக இருந்த அமைப்பைக் கெடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. எனவே உங்கள் ஆசான் கார்க் கொட்டகையில் மட்டுமல்லாமல் வேலியோரத்திலும் நிற்க முன்வருபவராக இருக்கவேண்டும்.

பெரிய பெயர்களுக்கும் இது பொருந்தியிருக்கிறது. டென்னசியில் வங்கிக் காசாளராக இருந்த ஜாஷ் பெரியை, கணினிவழிப் பந்தய விளையாட்டில் சந்தித்த டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் (மேலே சொன்ன எர்ன்ஹார்ட்டின் மகன், அவரும் ஓட்டுநர்) தன் லேட் மாடல் என்ற மேல் பிரிவுக் காரில் ஏற்றினார். பெரி 2020-இல் நாஸ்காரின் வாராந்தரத் தொடரில் தேசியச் சாம்பியன் ஆனார். ஆனால் ஆசான் என்றால் கார் கொடுப்பவர் என்று இதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. நூறாயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது அது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் அனுபவத்தோடு 2010-இல் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்கார் டிரக் பந்தயத்துக்கு வந்து முதல் ஓட்டத்தில் 13-ஆம் இடம் பெற்றார். அத்தகையவரே அரை மைல் நீள்வட்டத்தில் புதியவராகத்தான் தொடங்கவேண்டியிருந்தது என்பதை எண்ணி நாம் ஆறுதல் கொள்ளலாம்.

முதல் பந்தய நாளில் ஆசானால் உங்களுக்கு அதிகம் உதவமுடியாது. பல சிறு தடங்களில் ஓட்டுநருக்குப் பந்தயக் கட்டுப்பாட்டு அறையின் குரலை மட்டும் கேட்கவைக்கும் ஒருவழி வானொலிதான் உண்டு. ஆசானின் குரல் அதில் வராது. அதனால் கொடிகளின் பொருள், மறுதொடக்கத்தில் நிற்கவேண்டிய இடம், ஒரு சுற்று முன்னால் இருப்பவர் நெருங்கும்போது என்ன செய்வது ஆகியவற்றை முந்தைய நாளே கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வழிவிட வேண்டும் என்று சட்டென்று தடத்தின் குறுக்கே விலகுவதுதான் ஆபத்து. உங்கள் கோட்டிலேயே சீராகப் போனால், வேகமானவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார். ஆசானும் அதே பிரிவில் ஓட்டுபவர் என்றால், கொடி அசைந்த பிறகு அவரும் ஒரு போட்டியாளர்தான். இடம் விட்டுத்தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உறவு கசக்காமல் இருக்கச் சில நடைமுறைகளைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. அவருடைய உதிரிபாகத்தை எடுத்தால் அன்றே விலையைக் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்ன அமைப்பைப் பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் காட்டி, ‘இது சரியா’ என்று கேட்காதீர்கள். இரு ஆசான்களின் கணக்கை ஒரே காரில் கலந்தால் அது இருவருடைய காராகவும் இருக்காது. மேல் பிரிவுக்குப் போக நினைத்தால், புதிய காருக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம் சொல்லி, அந்தக் காரையும் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் இரவல் வாங்கிய தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது, தீர்ந்துபோன பேட்டரிகளை மாற்றிக் கொடுங்கள்.